எரர் வந்ததை ஏன் யாரும் என்னிடம் சொல்வதில்லை?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

திருப்பூரில் உள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஐ.டி. சப்போர்ட் வேலை பார்க்கும் 29 வயது இளைஞர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

அலுவலகம், ஸ்டோர், கட்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 60 கம்ப்யூட்டர்கள். பார்த்துக்கொள்ள இவரும் ஒரு ஜூனியரும்தான். போன வருடம் ஒருவர் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டு, "நான் ஒண்ணும் பண்ணலீங்க, அதுவா நின்னுருச்சு" என்று சாதித்திருக்கிறார். அந்த எரிச்சலில், கம்ப்யூட்டர் யாரால் பழுதானாலும் அவர் சம்பளத்தில் 500 ரூபாய் பிடிக்கலாம் என்று இவரே எம்.டி.யிடம் யோசனை சொன்னார். எம்.டி. உடனே அமல்படுத்திவிட்டார். அடுத்த மாதமே போன் அழைப்புகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. "இனி ஒழுங்காக இருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்" என்கிறார்.

பிறகு இரண்டு சம்பவங்கள். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பார்கோடு போடும் சாஃப்ட்வேர் ஒரு மாதமாகத் திணறியிருக்கிறது. அங்கே என்ட்ரி போடும் அக்கா யாரிடமும் சொல்லாமல், மூடித் திறந்து, நின்றுபோன பெட்டியை மறுபடி பதிவு செய்து ஓட்டியிருக்கிறார். ஒரே எண்ணில் இரண்டிரண்டு பெட்டிகள் போய், பேக்கிங் லிஸ்ட் பொருந்தாமல், சரக்கு வாங்கும் பையரிடமிருந்து கடும் புகார் வந்தது. அடுத்தது அக்கவுண்ட்ஸில். மெயிலில் வந்த ஒரு ஃபைலை ஒருவர் திறந்ததும் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்களின் பெயர்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் லீவும் போட்டுவிட்டார். பொது ஃபோல்டரில் பழைய வருடக் கணக்குகள் திறக்கவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. எம்.டி. எல்லார் முன்னாலும் இவரைப் பார்த்து, "நீங்க எதுக்கு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

இவருடைய கேள்விகள் மூன்று. யாருக்கும் தெரியாமல் எல்லா கம்ப்யூட்டரிலும் திரையைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் போடலாமா? அபராதத்தை 2,000 ரூபாயாக ஏற்றச் சொல்லலாமா? இல்லை, வேலையையே விட்டுவிடலாமா? "எல்லாரும் பொய் சொல்கிறார்கள், யாரையும் நம்ப முடியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

என் பதில்

எல்லார் முன்னிலையிலும் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது பெரிய அவமானம். இரவு பதினொரு மணிக்கு வந்து சர்வரைச் சரிசெய்துவிட்டுப் போனவரிடம், "எதுக்கு இருக்கீங்க" என்று கேட்டால் உடைந்துதான் போவோம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்திருக்கும் இடம் சரியில்லை என்று நினைக்கிறேன். அதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அபராதம் வருகிறது. மூன்றாம் பக்கத்தில் அழைப்புகள் குறைகின்றன. நான்காம் பக்கத்தில், "ஒருத்தரும் எதையும் சொல்வதில்லை" என்று வருகிறது. மூன்றையும் தனித்தனிச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே செய்தியாகத்தான் தெரிகின்றன. அழைப்புகள் குறைந்தது பழுது குறைந்ததால் அல்ல. சொன்னால் 500 ரூபாய் போகும், சொல்லாவிட்டால் இன்றைய பொழுது ஓடிவிடும் என்ற நிலையில் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள். நீங்களும் நானும் உட்பட.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டீ கொட்டியது கையால் செய்த தவறு. பார்கோடு சாஃப்ட்வேர் நின்றது யார் செய்த தவறும் அல்ல. ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சிவப்புப் பெட்டி வந்தால், நாம்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். புரியாத ஆங்கிலத்தில் நாலு வரி வருகிறது. கீழே "ஓகே" என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் மறைந்துவிடுகிறது. அழுத்தாமல் உங்களைக் கூப்பிட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டு

கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இது. புகார் வந்த பிறகு பேக்கிங்குக்குப் போனபோது மானிட்டருக்குக் கீழே செல்லோ டேப்பால் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். "சிவப்பு பாக்ஸ் வந்தா எண்டர் 2 தடவ. அப்பறமும் நின்னா வெளிய வந்து உள்ள போ. கடைசி பெட்டிய திரும்ப போடு." அதைக் கிழித்து எம்.டி. மேசையில் ஆதாரமாக வைத்ததாகவும் சொல்கிறீர்கள்.

அந்த அக்கா உங்களை ஏமாற்ற எழுதிய சீட்டு இல்லை அது. அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் தவிக்கக்கூடாது என்று எழுதியது. எப்போது பழுது வருகிறது, எத்தனை தடவை எண்டர் தட்டினால் போகிறது, எப்போது போகாது, இரட்டைப் பதிவு எந்தப் படியில் உருவாகிறது என்று நீங்கள் தேட வேண்டிய எல்லாமே அந்த மூன்று வரியில் இருக்கிறது. சாஃப்ட்வேர் கொடுத்த வெண்டாருக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் புகாரைவிட அது துல்லியமானது. பிரச்சினையை மறைத்தார் என்கிறீர்கள். மறைப்பவர் அதை எழுதி, எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வைப்பாரா?

அவர் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள். லாரி வாசலில் நிற்கிறது. சூப்பர்வைசர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "எத்தனை பெட்டி ஆச்சு?" என்று கேட்கிறார். உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் வர அரை மணி நேரமாகும், வந்ததும் "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்பீர்கள், மாதக் கடைசியில் 500 ரூபாய் போகும். எண்டர் இரண்டு தடவை தட்டினால் இருபது நொடியில் வேலை நடக்கும். நிறுவனம் கேட்ட வேகத்தை அவர் கொடுத்திருக்கிறார்.

இது திருப்பூரில் மட்டும் நடப்பதல்ல. 1980-களில் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்பாட்டில் இருந்தது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் 6 நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. சிலர் இறந்தே போனார்கள். அந்தக் கருவி அடிக்கடி நின்றுவிடும். திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்பது போல வெறும் எண் வரும். அதற்கு என்ன பொருள் என்பது ஆபரேட்டரின் கையேட்டில் இல்லை. "பி" என்ற விசையைத் தட்டினால் மேலே ஓடும். தினமும் பலமுறை இப்படி நின்று பழகிய ஆபரேட்டர்கள் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். 1986-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் விபத்து நடந்தபோது, கருவியால் அப்படிச் செய்யவே முடியாது என்று தயாரிப்பாளர் தரப்பு சாதித்தது.

பழுதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும், கருவியை இயக்கிய அதே ஆபரேட்டரும். இருவரும் கருவி முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் விசைகளைத் தட்டினார் என்பதை மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். தவறாகப் போட்ட ஒரு எழுத்தை அனுபவசாலி வேகமாகத் திருத்தும்போது மட்டும் அந்தப் பழுது வரும் என்று தெரிந்தது. மெதுவாகத் தட்டிப் பார்த்த இன்ஜினியர்கள் கையில் அது சிக்கவே இல்லை. ஆபரேட்டரைக் குற்றவாளியாக்கி ஒதுக்கியிருந்தால், அந்த வேகம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

உங்கள் பேக்கிங் அக்காவிடமும் அப்படி ஒரு விவரம் இருக்கிறது. பெட்டி எத்தனையைத் தாண்டினால் நிற்கிறது, பக்கத்து மேசையிலும் ஒரே நேரத்தில் என்ட்ரி போட்டால் நிற்கிறதா, பிரிண்டர் தாள் தீர்ந்தால் நிற்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சர்வர் தானாக எழுதி வைக்கும் லாகில் அது கிடைக்காது.

"எல்லாரும் பொய் சொல்கிறார்கள்" என்பது பற்றி

பயத்தில் சொல்லாமல் விடுவதும் பொய் சொல்வதும் வேறு வேறு. அக்கவுண்ட்ஸ் ஊழியர் லீவு போட்டது தவறுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் உங்களை முட்டாளாக்கத் திட்டமிட்டதாக நீங்கள் எடுத்துக்கொள்வதால் வீட்டுக்குப் போயும் தூக்கம் வருவதில்லை. அவர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்தீர்களா?

சப்போர்ட் வேலையில் இருப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. நாள் முழுக்க மற்றவர்களின் பழுதை மட்டுமே பார்ப்பதால், மனிதர்களையே பழுதாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பார்வை குரலில் தெரிந்துவிடும். தெரிந்ததும் எதிரில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் மறைப்பார்.

பிரிட்டனின் அஞ்சல் துறையில் நடந்ததை நீங்கள் படித்திருக்கலாம். 1999-இலிருந்து கிளை அஞ்சலகங்களில் ஓடிய ஹொரைசன் என்ற கணக்கு சாஃப்ட்வேர், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. உதவி எண்ணைக் கூப்பிட்டவர்களில் பலருக்கு, "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்ற பதில் கிடைத்தது. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் பலர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கணக்கை நேர் செய்தார்கள். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, சிலர் சிறைக்கும் போனார்கள். கோளாறு சாஃப்ட்வேரில்தான் என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது; 2024-இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். சப்போர்ட் மேசையில் இருப்பவரின் ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். "வேற யாருக்கும் வரலையே, உங்களுக்கு மட்டும் எப்படி வருது?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். இனி அதைக் கேட்காதீர்கள்.

அபராதம்: சட்டம் என்ன சொல்கிறது

இதை ஏற்றச் சொல்லாதீர்கள். இப்போது இருக்கும் 500 ரூபாயே சட்டப்படி நிற்காது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமானாலும், அதன் இடத்துக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பானாலும், அபராதத்துக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன. எந்தத் தவறுக்கு அபராதம் என்பதை அரசின் ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவிப்பாக வைத்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அந்த ஊழியர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பேக்கிங்கில் என்ட்ரி போடுபவருக்கு மாதம் 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 3 சதவீதம் 420 ரூபாய்.

பொருள் சேதத்துக்கான பிடித்தம் தனி. அதற்கும் ஊழியரின் கவனக்குறைவோ தவறோதான் காரணம் என்று காட்ட வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. சாஃப்ட்வேர் தானாக நின்றதற்குப் பிடிக்க வழியே இல்லை. யாராவது தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் எம்.டி. யோசனை கொடுத்தது யார் என்ற பேச்சும் அப்போது எழும்.

"நான் சொன்ன யோசனை எதிர்பார்த்ததற்கு மாறாகப் போய்விட்டது, நிறுத்திவிடலாம் சார்" என்று நீங்களே போய்ச் சொல்வதுதான் நல்லது. கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் எம்.டி. கேட்கக்கூடிய மொழி ஒன்று இருக்கிறது, நஷ்டக் கணக்கு. பிடித்த அபராதம் மொத்தம் எவ்வளவு, பையர் புகாரால் ஆன செலவு எவ்வளவு என்று ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். முன்னுதாரணம் கேட்டால், அமெரிக்க விமானத் துறையைக் காட்டலாம். அங்கே 1976-இலிருந்து நாசா ஒரு புகார் முறையை நடத்துகிறது. தெரியாமல் நடந்த விதிமீறலை 10 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கும் விமானிக்கு, அது விபத்தாகவோ குற்றமாகவோ இல்லாத பட்சத்தில், பொதுவாக அபராதமோ உரிமத்தின் தற்காலிக நிறுத்தமோ விதிப்பதில்லை.

திரையை ரகசியமாகப் பதிவு செய்யலாமா?

வேண்டாம். கம்ப்யூட்டர் நிறுவனத்துடையது, அதனால் உரிமை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம், உங்களுக்கு இல்லை. எம்.டி.யின் எழுத்து உத்தரவும், ஊழியர்களுக்கு முறையான அறிவிப்பும் இல்லாமல் நீங்களாகப் போட்டால், பிரச்சினை வரும் நாளில் தனியாகத்தான் நிற்பீர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் பேங்க் கணக்கைத் திறப்பார், இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வீட்டோடு பேசுவார். அவை எல்லாம் உங்கள் சர்வரில் வந்து உட்காரும். அந்த விவரம் வெளியே கசிந்தால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துவிட்டால், இப்போது உங்களிடம் பேசும் ஓரிருவரும் பேசமாட்டார்கள்.

உங்களுக்குத் தேவையானது சாஃப்ட்வேரின் எரர் லாக். அதை மட்டும் தானாகச் சேகரிக்க வெண்டாரிடம் கேளுங்கள். அதில் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

நாளைக்குச் செய்யக்கூடியவை

முதலில் பேக்கிங்குக்குப் போங்கள். அந்த அக்காவிடம், "சீட்டை நான் கிழிச்சிருக்கக் கூடாதுங்க அக்கா. எப்ப நிக்குதுன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்க" என்று சொல்லி, ஒரு ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். மவுஸை வாங்கிக்கொள்ளாதீர்கள். அவரே செய்யட்டும், நீங்கள் பாருங்கள்.

கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "என்ன பண்ணீங்க?" என்றால் எதிர்ப்பக்கம் தற்காப்புதான் வரும். "திரையில என்ன வந்துச்சு? அதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்துல இருந்தீங்க?" என்றால் விவரம் வரும். யாராவது தானாக வந்து சொன்னால், பழுதைப் பார்ப்பதற்கு முன்பே, "சொன்னதுக்கு நன்றிங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.

பேக்கிங்கில் போன் கொண்டுபோக அனுமதியில்லை என்றால், ஒவ்வொரு மேசையிலும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், என்ன நின்றது என்று தமிழில் ஒரு வரி போதும். வாரத்துக்கு ஒருமுறை ஜூனியர் எல்லாவற்றையும் படிக்கட்டும். யாரோ எழுதியது சரியானதும் அதே பக்கத்தில், "சரி செய்தாச்சு" என்று எழுதிவையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். சொன்னதற்குப் பலன் கிடைத்தது என்று கண்ணால் பார்த்தால்தான் இரண்டாவது வரி எழுதுவார்கள்.

ஃபைல் பெயர்கள் மாறுகின்றன, திறக்கவில்லை, பணம் கேட்டுத் திரையில் செய்தி வருகிறது என்றால், அது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸாக இருக்கலாம்; அதற்கு மட்டும் தனி விதி. நெட்வொர்க் கேபிளை உடனே பிடுங்க வேண்டும், எதையும் அழிக்கக்கூடாது, எந்த நேரமானாலும் உங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது என்று எம்.டி. கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சைபர் தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள், சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த மத்திய அரசு உத்தரவு. தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேச வேண்டும். மூன்று நாள் மௌனம் உங்கள் நிறுவனத்துக்கு எத்தனை வகையில் ஆபத்து என்பதை எம்.டி.யிடம் விளக்க இதுவே போதும்.

உங்கள் பேக்கப்

கடைசிப் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு வரி வந்துவிட்டது: "பேக்கப்பும் அப்போது 11 நாளாக ஓடவில்லை, டிஸ்க் நிறைந்திருந்தது, திட்டுவார் என்று எம்.டி.யிடம் அதைச் சொல்லவில்லை."

உங்களைக் குத்திக்காட்ட இதை எடுக்கவில்லை. திட்டு விழும் என்று நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். பேக்கிங் அக்காவும் அக்கவுண்ட்ஸ் ஊழியரும் அதே காரணத்துக்காக அதையேதான் செய்தார்கள். அவர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி உங்களுக்குக் கிடைக்காது.

இதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது, இந்த வாரத்திலேயே. பின்னால் வேறொருவர் கண்டுபிடித்தால், இன்று எவ்வளவு நேர்மையாக வேலை செய்தாலும் அதுதான் நினைவில் நிற்கும். போகும்போது தீர்வோடு போங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கம்பெனிக்கு வெளியே என்று பேக்கப்புக்குப் பழைய விதி ஒன்று உண்டே, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு கொட்டேஷன் வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கப் நின்றால் உங்களுக்கும் எம்.டி.க்கும் ஒரே நேரத்தில் மெயில் போகும்படி வைத்துவிடுங்கள். பிறகு மறைக்கத் தோன்றினாலும் முடியாது. மாதம் ஒருமுறை ஒரு ஃபோல்டரையாவது பேக்கப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். ஓடுகிறது என்று பச்சை விளக்கு காட்டும் பேக்கப்பும் திரும்ப வராமல் போனதுண்டு.

வேலையை விடுவதா?

இந்தக் கோபத்தோடு விடாதீர்கள். அடுத்த கம்பெனியிலும் எண்டர் இரண்டு தடவை தட்டுபவர்கள் இருப்பார்கள். அபராதத்தை நிறுத்தி, மேலே சொன்னவற்றைச் செய்து மூன்று மாதம் பாருங்கள். தொடக்கத்தில் அழைப்புகள் கூடும், மூச்சு முட்டும். எம்.டி. அதைப் பார்த்து, "பிரச்சினை அதிகமாயிருச்சே" என்பார். இது எதிர்பார்த்ததுதான், இதுவரை மறைந்திருந்தது வெளியே வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அந்த மூன்று மாதத்துக்குப் பிறகும் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவது நிற்கவில்லை, 60 கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஆள் கேட்டும் தரவில்லை, தூக்கமின்மை தொடர்கிறது என்றால் வேறு இடம் தேடுவதில் ஒரு தவறும் இல்லை. தூக்கத்துக்கு மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் சீராகவில்லை என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வேலையை விடும் முடிவுக்கு வந்தால், பணி நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள். எல்லா அட்மின் பாஸ்வேர்டுகளையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கப்பின் அன்றைய நிலையையும் அதே தாளில் எழுதி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.